மெலாத்தியின் கயிற்றைப் பிடித்தவர்

புக்கிட் காத்திலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர் மரியசெல்வி. தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தார். தொற்றுநோய்க் காலத்தில் மூடிய அந்த ஹோட்டல் பிறகு திறக்கவே இல்லை. சில வருடங்கள் அங்கும் இங்குமாகத் துடைத்துப் பெருக்கிக் காலம் தள்ளினார். நாற்பத்து மூன்றாவது வயதில், குதிரை லாயத்தில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டதாக ஒருநாள் வீட்டில் சொன்னபோது அவர் கணவர் யூஜின் நம்பவில்லை.

"குதிரையா? பூனையைக் கண்டாலே காலைத் தூக்கி நாற்காலி மேல வெச்சுக்குவ."

"பூனை சொல்லாம கொள்ளாம வரும். குதிரை பெருசுலா, வர்றது தெரியும்."

கோலா சுங்கை பாருவுக்குப் போகும் வழியில், செம்பனை மரங்களை ஒட்டி இருக்கிறது அந்த லாயம். பெருக்குகிற வேலைக்குத்தான் முதலில் போனார். குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஜோகூருக்குப் போய்விட, பயிற்சி கொடுக்கும் மிஷேல் இவரைக் கேட்டாள். மிஷேலுக்கு இருபத்தேழு வயது.

"ஒங்களுக்குச் சத்தம் போடத் தெரியாது போலக்கா. அது குதிரைங்களுக்குப் பிடிக்கும். கத்துக்கிறீங்களா? பரீட்சை இருக்கு, சர்ட்டிபிகேட் கிடைக்கும்."

மரியசெல்வி சரி என்றார். ஆசைப்பட்டெல்லாம் சொல்லவில்லை. மறுபடியும் புதிதாக ஒரு இடத்தில் வேலை தேடும் தெம்பு இல்லை, அதனால் சொன்னேன் என்று என்னிடம் பிறகு சொன்னார்.

இருட்டு விலகும் முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்ப வேண்டும். போனதும் தீவனம், தண்ணீர். பிறகு ஒவ்வொரு கொட்டடியிலும் லத்தியை அள்ளி, நனைந்த மரத்தூளை வாரிக் கொட்டிப் புதிதாகப் பரப்ப வேண்டும். அதன் பிறகுதான் பாடம். இடப்பக்கமாக நின்று நடத்து. காதைப் பார், பின்னால் மடிந்தால் ஒதுங்கு. குளம்பைத் தூக்கி உள்ளே அடைத்திருக்கும் அழுக்கைக் கொக்கியால் எடு. மிஷேல் நல்ல பெண்தான், ஆனால் பாடத்தில் இரக்கம் கிடையாது. குதிரையின் காலில் சுற்றும் கால்கட்டுத் துணி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அவிழ்த்துவிட்டு "மறுபடியும்க்கா" என்பாள். ஒரு குதிரை மிதித்து மரியசெல்வியின் கால் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அவர் செருப்புப் போட்டு நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். பிரசங்கத்தின்போது உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். யூஜின் எழுப்பமாட்டார்.

"தாஹான் பண்ணித் தாங்க முடியலன்னா விட்டுடேன்" என்று அவர் ஒருநாள் சொன்னாராம்.

"விட்டுட்டு?" என்று கேட்டாராம் மரியசெல்வி.

லாயத்தில் மெலாத்தி என்று ஒரு சாம்பல் நிறப் பெண் குதிரை இருந்தது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்து வந்தது. சவாரி பழக வரும் பிள்ளைகளைப் பத்திரமாகச் சுமக்கும், ஆனால் பின்னங்காலை மட்டும் யாரையும் தொடவிடாது. மிஷேல் தொட்டால்கூட உதைக்கும். ஒரு மதியம் மரியசெல்வி அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அசதியில் தன் தோளை அப்படியே அதன் இடுப்பில் சாய்த்துவிட்டார். கண் சொருகிவிட்டது. தேய்த்த கை மட்டும் கீழே இறங்கிக் கணுக்கால்வரை போயிருக்கிறது. மெலாத்தி காலைத் தூக்கிக் கொடுத்தது. திடுக்கிட்டு விழித்தவர், குளம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள் மிஷேல்.

"ஒண்ணும் பண்ணல கோச். தூங்கிட்டேன்."

அன்றிலிருந்து மெலாத்தி அவர் பொறுப்பு. பரீட்சைக்கும் அதையே கொண்டுபோவது என்று முடிவானது.

பரீட்சைக்கு முந்தின வாரத்தில் ஒரு காலை, மெலாத்தி தீவனத்தைத் தொடவில்லை. முன்னங்காலால் தரையைச் சுரண்டியது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. குடல்வலி என்று பாடத்தில் படித்திருந்ததால் மரியசெல்விக்குப் புரிந்துவிட்டது. மிஷேலைக் கூப்பிட்டார். படுத்துப் புரளவிடாமல் இருவரும் மாற்றி மாற்றி அதை நடத்தினார்கள். வெயில் ஏறியது. நடந்தார்கள். சிரம்பானிலிருந்து மிருக மருத்துவர் தாட்சாயினி வந்து சேரும்போது மதியம் தாண்டிவிட்டது.

ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு இருவரையும் தள்ளி அழைத்துக்கொண்டு போனார்.

"குடல் முறுக்கிக்கிட்டிருக்கு. ஆப்பரேஷன்னா ரொம்பத் தூரம் கொண்டு போகணும். இதோட வயசுக்கு லாரிப் பயணத்தையே தாங்காது. ரொம்ப வலியில இருக்கு. அமைதியா அனுப்பிடுறதுதான் நல்லது."

முதலாளியிடம் தொலைபேசியில் பேசினார்கள். அவரும் சம்மதித்தார்.

"கயிறை யாராச்சும் பிடிக்கணும். பழகின ஆளா இருந்தா நல்லது" என்றார் மருத்துவர்.

மிஷேல்தான் கயிற்றை வைத்திருந்தாள். அந்தக் குதிரையில்தான் அவள் முதன்முதலாகப் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுத்தாள். கயிற்றைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"குடுங்க கோச்" என்றார் மரியசெல்வி.

மிஷேல் கயிற்றைக் கொடுத்துவிட்டுத் தீவன அறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

எங்கே நிற்க வேண்டும், எப்போது கயிற்றை விட்டுவிட்டுப் பின்னால் நகர வேண்டும் என்று மருத்துவர் நிதானமாகச் சொன்னார். மரியசெல்வி மெலாத்தியின் நெற்றியில் கை வைத்தார். காய்ச்சலில் கிடந்த தன் பிள்ளைகளிடம் சொன்னதுபோல, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஊசி ஏறியதும் மெலாத்தி ஒரு நீளமான மூச்சு விட்டது. முழங்கால் மடிந்தது. அவர் கயிற்றை விட்டார். அவ்வளவு பெரிய உடம்பு விழுந்த அதிர்வு தன் பாதத்தில் தெரிந்தது என்றார்.

அழவில்லையாம். குழி தோண்ட மண்வாரி இயந்திரம் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு மற்ற குதிரைகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். அவையும் காலையிலிருந்து காத்திருந்தனவே.

பரீட்சைக்கு வேறொரு குதிரையைக் கொண்டுபோனார். தேய்ப்பது, கால்கட்டு, குளம்பு, கயிற்றில் ஓடவைத்துக் காட்டுவது எல்லாம் குறையில்லாமல் முடிந்தன. கடைசியில் வாய்மொழிக் கேள்விகள். குதிரைக்குக் குடல்வலி என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டார் பரீட்சகர். மரியசெல்வி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பரீட்சகர் இரண்டாம் முறையும் கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். அதற்கும் பதில் இல்லை.

செய்முறையில் தேர்ச்சி, வாய்மொழியில் இல்லை என்று முடிவு வந்தது. நடந்ததைப் பரீட்சகரிடம் சொல்கிறேன் என்று மிஷேல் கிளம்பினாள்.

"வேணாம் கோச். அவர் கேக்க வேண்டியதைத்தான் கேட்டாரு. நான் இன்னொரு தடவை வர்றேன்."

அடுத்த முறை போனபோது அதே கேள்வி வரவில்லை. வந்த கேள்விகளுக்கு, பாசாரில் சாமான் வாங்கச் சொல்லி அனுப்புகிறவர் மாதிரி, உணர்ச்சியில்லாமல் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிவிட்டு வந்தார். சர்ட்டிபிகேட் வந்தது. யூஜின் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

இப்போது அந்த லாயத்தில் நிரந்தர வேலை. மெலாத்தி இருந்த கொட்டடியில் கடிக்கிற பழக்கமுள்ள ஒரு இளங்குதிரை வந்திருக்கிறது. மரியசெல்வியின் முன்கையில் அதன் பல் பதிந்த தடத்தைப் பார்த்தேன். அடுத்த நிலைப் பயிற்சிக்கும் சேரச் சொல்லி மிஷேல் கேட்டிருக்கிறாள்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"சேர்றேன், மொதல்ல ஒருநாள் லீவு குடுங்கன்னு கேட்டேன். குடுத்தாங்க. படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரல. எழுந்து மீன் கழுவினேன்" என்றார்.