ஹாஜியார் இல்லாத மூன்று நிமிடம்

இன்று அலவத்துகொடையில் றுமைஸா தாத்தாவைச் சந்தித்தேன்! வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம், எங்கள் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்போம். றுமைஸா தாத்தாவுக்கு நாற்பது வயதுதான், நரையும் இல்லை, மீசையும் இல்லை.

அவருடைய தொழில், கல்யாணங்களில் பெண்கள் பக்கத்து வீடியோ. அந்தப் பக்கம் ஆண்கள் வரமாட்டார்கள் என்பதால், படம் எடுப்பதும் பெண், வெட்டி ஒட்டுவதும் பெண். பெண்பிள்ளைகள் முக்காடில்லாமல் ஆடிப் பாடியதெல்லாம் அந்த வீடியோவில் இருக்கும். ஒரு துண்டுகூட வெளியே கசியக் கூடாது. அதனால் தாத்தாவின் கணினி இந்நாள்வரை இணையத்தைக் கண்டதில்லை. வயர் செருகும் ஓட்டையில், கை காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. கல்யாணம் பேச வரும் உம்மாமார் முதலில் அந்தப் பிளாஸ்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்களாம்.

நம் பக்கத்து மொழி ஆசிரியர்கள் இணையத்தில் பாடம் தயாரித்துப் பகிர்ந்துகொள்ள உதவுகிறவர் இவர்தான். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

கண்டியில் ஒரு சங்கம் இருக்கிறது. பெயர் 'மத்திய மலைநாட்டு மொழி ஆசிரியர் இணைய வளங்கள் மேம்பாட்டு ஒன்றியம்'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அரைப் பாடம் நடத்திவிடலாம். போன வருடம் இந்த ஒன்றியம் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் பயிற்சிப்பட்டறை வைத்தது. முதல் நாள் திறப்பு விழா. எல்லா மதத்துக்கும் ஒவ்வொரு ஆசியுரை. மூன்றாம் நாள் சான்றிதழ். பாட வீடியோ தயாரிப்பது எப்படி என்ற பகுதி இரண்டாம் நாள் மாலைக்குப் போட்டிருந்தார்கள். அன்று மாலை வெயில் நன்றாக விழுந்ததால், எல்லாரையும் வெளியே கூட்டிப்போய்க் குழுப்படம் எடுத்தார்கள்.

றுமைஸா தாத்தா அங்கே வீடியோ எடுக்கப் போனவர். கடைசி வரிசையில் ஒரு டீச்சர் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்ததால், ஒவ்வொரு காட்சியும் கெட்டதாம். தேநீர் நேரத்தில் போய்க் கேட்டிருக்கிறார்.

"டீச்சர், கொஞ்சம் சிரிச்சா என்ன?"

"மூணு நாளா உக்காந்திருக்கேன் அக்கா. ஒரு வீடியோ எப்படி எடுக்கிறதுன்னு ஒருத்தரும் சொல்லல. பேக் ஒண்ணு குடுத்தாங்க."

"பேக் நல்லம் தானே."

"நல்ல பேக்தான். அதுக்குள்ள புள்ளைங்களுக்கு என்னத்தப் போட்டுக் கொண்டுபோறது?"

அந்த டீச்சர்தான் பன்விலை றேணுகா. ஞாயிறு பூசை முடிந்ததும், மாதா கோயில் மண்டபத்தில் ஒரு மணித்தியாலம் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். சம்பளம் இல்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிப்பது சிங்களப் பள்ளிக்கூடத்தில், பக்கத்தில் இருப்பது அது மட்டும்தான். வீட்டில் பேசுவது தமிழ். தமிழ்ப் பாட்டைச் சிங்கள எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். இந்த டிசம்பரில் வரும் நத்தார் பூசையில் ஒரு பிள்ளையாவது தமிழ் எழுத்தைப் பார்த்து வாசகம் வாசிக்க வேண்டும் என்பது றேணுகா டீச்சரின் ஆசை. வாரத்துக்கு ஒரு மணித்தியாலத்தில் அது நடக்காது. மற்ற நாட்களில் பிள்ளைகள் வீட்டில் பார்க்கச் சின்னச் சின்னப் பாடம் வேண்டும். ஆனால் தன் முகம் அதில் வரக் கூடாது.

"என் மூஞ்சியப் பார்த்தா, 'டீச்சர் வீட்டுக்கும் வந்துட்டாங்கடா'ன்னு போனைக் கவுத்து வச்சிருவாங்க அக்கா."

றுமைஸா தாத்தா நெஞ்சில் கை வைத்தாராம். "மொகம் காட்டாம வீடியோ எடுக்கிறதுக்கு இந்தக் கண்டியில என்ன உட்டா வேற யார் ஈக்கி?"

அப்படித்தான் 'கைப் பாடம்' பிறந்தது. அலுமாரியின் மேலிருந்து கீழே பார்க்கிறபடி கமராவைக் கட்டிவிடுவார். மேசையில் வெள்ளைத்தாள். டீச்சரின் கை எழுதும், குரல் சொல்லும். மூன்று நிமிடம். முடிந்ததும் பென்டிரைவில் எடுத்துத் தன் போனுக்கு மாற்றி வட்ஸ்அப்பில் அனுப்புவார். பிளாஸ்டர் பத்திரமாக அதே இடத்தில் இருக்கும்.

முதல் பாடத்தில் ஒரு சின்னப் பிழை. பழக்க தோஷம். 'அ' எழுதி முடிந்ததும் வானத்திலிருந்து ரோசாப்பூ இதழ் கொட்டியது. 'ஆ'வுக்கு இரண்டு இதயம் வந்து முட்டிக்கொண்டது.

"புள்ளைங்க பூவ எண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க அக்கா. எழுத்த ஒருத்தரும் பார்க்கல."

"டீச்சர், அந்தப் பூவப் பாத்து கம்பளையில ஒரு கலியாண ஊடே அழுத, தெரியுமா?"

பூ போனது. அவருக்கு அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது, என்னிடமே இரண்டு தரம் சொன்னார்.

பாடம் பரவியது. கம்பளையில் சிங்கள வியாபாரிகளுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒரு மாஸ்டர் வந்து தன் கையைக் கொடுத்தார். கட்டுகஸ்தோட்டையில் வீட்டிலேயே சிங்களம் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்ணும் வந்தார். ஒருவர் செய்ததை மற்றவர்கள் எடுத்து நடத்தினார்கள். மூன்று நாள் ஹோட்டலில் நடக்காதது ஓர் அலுமாரிக்குக் கீழே நடந்தது.

இது ஒன்றியத்தின் காதில் விழாமல் இருக்குமா? தலைவர் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் வந்தார். துணிக்கடை முதலாளி, நல்ல மனிதர், உண்மையாகவே சொல்கிறேன். எந்த மேடையிலாவது தலைவர் கதிரை காலியாகக் கிடந்தால், அந்தக் கதிரைக்காகப் பரிதாபப்பட்டுப் போய் உட்காருகிற மனசு.

"மகள், இது ஒன்றியத்துட பட்டறையால வந்தது தானே? ஒன்றியத்து ஆக்கள் இல்லாம எப்புடி?"

ஒழுங்கு முடிவானது. முதலில் ஆசியுரை, பிறகு வரவேற்புரை, தலைவர் உரை, பாடம், நன்றியுரை. தாத்தா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஏனென்று கேட்டேன்.

"கலியாண வீடியோவுல ஒரு மாமி உடுபட்டாலும் அந்தக் குடும்பம் உடைஞ்சி போகும் மகள். நான் யாரையும் வெட்டி பழக்கமில்ல."

வெட்டாதது மட்டுமல்ல, ஹாஜியார் நடந்து வரும் இடத்தை மெதுவாக ஓடவிட்டு, சால்வை காற்றில் பறக்கிற மாதிரியும் செய்துகொடுத்திருக்கிறார். ஹாஜியாருக்குப் பெரிய சந்தோஷம். மூன்று நிமிடப் பாடம் கால் மணித்தியாலமாகப் பெருத்தது.

பன்விலையில் அப்பாமார் வேலை விட்டு வந்த பிறகுதான் பிள்ளையின் கைக்குப் போன் வரும். அதில் இருப்பது கொஞ்ச டேட்டா. அது தலைவர் உரையோடு தீர்ந்துவிடும். இது தெரியாமல் றேணுகா டீச்சர் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், "இந்த வாரம் என்ன படிச்சீங்க? யாரு சொல்லுறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

ஒரு சின்னப் பெண் எழும்பிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கௌரவ தலைவர் அவர்களே! அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் அதிதிகளே! ஆன்றோர்களே, சான்றோர்களே!"

மற்றப் பிள்ளைகளும் எழும்பிச் சேர்ந்து சொன்னார்களாம். ஒரு சொல் பிசகவில்லை. வாசலில் நின்ற ஒரு தாய் வேறு, "டீச்சர், இவ வீட்டுலயும் இப்படித்தான். 'கௌரவ அப்பா அவர்களே, சோத்துக்கு வாங்க'ங்கிறா" என்றிருக்கிறார்.

இன்று தாத்தாவின் கடைக்குப் பாடம் பதிய வந்திருந்த றேணுகா டீச்சர் இதை நடித்துக் காட்டினார். நான் கதிரையிலிருந்து விழுந்து சிரித்தேன். பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று பலகையில் 'அம்மா' என்று எழுதிக் கேட்டிருக்கிறார், ஒரு பிள்ளைக்கும் வாசிக்க வரவில்லை. நேரே பஸ் ஏறி அலவத்துகொடைக்கு வந்து, "இனி நான் கரும்பலகையோடயே இருந்துக்கிறேன் அக்கா. நத்தாருக்கு நானே வாசிச்சிக்கிறேன்" என்று அழுதிருக்கிறார்.

றுமைஸா தாத்தா அவரைப் போகவிடவில்லை. கல்யாண வீடியோவில் எப்போதும் இரண்டு இருக்கும். பெரியது சொந்தக்காரர்களுக்கு, எல்லா மாமியும் அதில் வருவார்கள். சின்னது மணப்பெண்ணுக்கு, அவள் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதைத்தான். இங்கேயும் அப்படியே பிரித்தார். சின்னது, கை மட்டும், திரும்பப் பன்விலைக்குப் போனது. பெரியது ஒன்றியத்தின் வெளியீட்டு விழாவுக்கு.

விழா போன மாதம் கண்டியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பெரிய திரை. ஒவ்வொரு முகமும் மெதுவாக வந்தது. ரோசாப்பூ இதழுக்கும் கடைசியில் ஓர் இடம் கிடைத்தது, கொட்டோ கொட்டென்று கொட்டியது. அந்த வீடியோவில் பாடம் என்று ஓர் எழுத்துக்கூட இல்லை. எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். நன்றியுரை சொன்ன செயலாளர், "பாடங்கள் சின்னஞ்சிறுசுகளுக்கும் விளங்கும்படி மிக எளிமையாக அமைந்திருந்தன" என்றார்.

இது பழைய கதை. இனி இன்று என் கண் முன்னால் நடந்தது.

றேணுகா டீச்சரின் கை 'ழ' எழுதிக்கொண்டிருந்தது. படியில் செருப்புச் சத்தம். ஹாஜியார்! தாத்தா முக்காட்டை இழுத்துவிட்டார். டீச்சர் பேனையை வைத்துவிட்டு, "போச்சு அக்கா" என்று முணுமுணுத்தார். ஒன்றியத் தலைவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்தத்தான் வேண்டும். மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் ஒன்றியத்து ஆட்கள், அவர் சொல்லை மீறிக் கைகொடுக்க ஒருவரும் வரமாட்டார்கள்.

ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"மகள், பெரிய வீடியோ நல்லம், மிச்சம் நல்லம். ஊட்டுல எல்லாரும் பாத்த. பேரனும் பாத்தான்."

"சந்தோஷம் ஹாஜியார்."

"அதுல பாடம் எங்க ஈக்கி?"

"ஐயா, நான்தான்..." என்று டீச்சர் தொடங்க, தாத்தா குறுக்கே வந்தார். "நான்தான் வெட்டின ஹாஜியார். டீச்சர ஒன்டும் சொல்லவாணாம்."

ஹாஜியார் பிளாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேரன் இங்கிலிஷ் ஸ்கூல்ல. என்ட கடை போர்ட்டக் காட்டி, 'இதுல என்ன எழுதி ஈக்கி?' ண்டு என்னட்ட கேக்கிறான். என்ட பேர் மகள் அது. என்ட பேர வாசிக்க ஏலா அவனுக்கு." பிறகு குரலை இறக்கினார். "டீச்சர்ட பாடத்த எனக்கு அனுப்புங்க. நான் இல்லாதத."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாத்தா விடுவாரா?

"முன்னால ஒரு சலாம் மட்டும் போடவா ஹாஜியார்? சால்வ பறக்கிற மாதிரி?"

"வாணாம் மகள். நான் வந்தா அவன் வெரலால தள்ளித் தள்ளிப் போறான்."

படி இறங்கும்போது நின்று திரும்பினார். "கொமிட்டிக்குப் பெரிசு, புள்ளகளுக்கு சின்னது. இது தலைவர்ட யோசன ண்டே சொல்லுங்க." நான் சொன்னேனே, நல்ல மனிதர்.

டீச்சர் பேனையை எடுத்து 'ழ'வை முடித்தார். எழுத்தின் வால் கொஞ்சம் நீண்டுபோனது. தாத்தா அதை வெட்டவில்லை. "நத்தாருக்கு வாசிக்கிற புள்ளைக்கு மட்டும் பூ போடவா டீச்சர்?" என்று கேட்டார். "அதுக்குக் கொட்டுங்க அக்கா, கூடை கூடையா கொட்டுங்க" என்றார் டீச்சர்.

நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ எங்காவது ஒரு மண்டபத்தில், பள்ளிவாசல் அறையில், வீட்டு விறாந்தையில் மொழி சொல்லிக்கொடுக்கிறீர்களா? அலவத்துகொடை பஸ் தரிப்பிடத்தில் றுமைஸா தாத்தாவின் வீடியோக் கடை எது என்று கேளுங்கள், யார் என்றாலும் காட்டுவார்கள். உங்கள் கையை மட்டும் கொண்டுபோங்கள். இதைத் தெரிந்த ஆசிரியர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். அனுப்பும்போது தயவுசெய்து மேலே வரவேற்புரை எதுவும் சேர்க்காதீர்கள், பன்விலையில் டேட்டா கொஞ்சம்தான் இருக்கிறது.