வெற்றுப் பக்கத்தில் என் கையெழுத்து

கல்லூரியில் படிக்கும் என் மகள் பரீட்சைக்காகச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் சட்டம் இயற்றும் சபைக்கு முதன்முதலாகப் போன ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றிய பாடம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் கேட்டேன்: "அந்தம்மா புருசன் எங்குட்டு உக்காந்திருந்தாராம்?" அவள் பக்கத்தைப் புரட்டித் தேடினாள். புத்தகத்தில் அது இல்லையாம்.

எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. சாக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் ஊராட்சி. தலைவர் பதவி எங்களைப் போன்ற காலனிப் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதால் நின்றேன், ஜெயித்தேன். ஆனால் ஊருக்கெல்லாம் பிரசிடெண்ட் என் வீட்டுக்காரர்தான். கூட்டத்தில் நடு நாற்காலி அவருக்கு. நான் பக்கத்தில் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்று காலை ஊராட்சிச் செயலர் தீர்மான நோட்டை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார். "கீழ மட்டும் கையெழுத்துப் போடுங்க தலைவரம்மா, மேல நான் எழுதிக்கிடுறேன்" என்றார். எப்போதும் அப்படித்தான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்ற பெருமை வேறு எனக்கு. மூன்று வெற்றுப் பக்கங்களில் போட்டுக் கொடுத்தேன், மடச்சி.

மத்தியானம் சாப்பிட வந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன்: "நாளைக்குக் கிராம சபையில நம்ம காலனிக்குத் தண்ணிக் குழா எழுதியாச்சுல்ல?"

சோற்றைப் பிசைந்துகொண்டே, "நடுத்தெரு ரோடு மொத போகட்டும். பெரியாளுக கேக்குறாக. குழாயை அடுத்த தடவை பாப்போம்" என்றார்.

"அப்ப நான் போட்ட கையெழுத்து?"

"ரோட்டுக்குத்தான்."

எங்கள் பெண்கள் இன்னமும் ஊரைச் சுற்றிக்கொண்டு மெயின்ரோட்டுக் குழாய்க்குத்தான் குடம் தூக்குகிறார்கள். ஓட்டுக் கேட்டுப் போனபோது அந்தக் குடத்தின் மீது கை வைத்துச் சத்தியம் செய்திருந்தேன். அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். துவைத்த சேலையையே மறுபடி துவைத்தேன். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல். என்னை நினைத்தால் அதைவிட எரிச்சல்.

மறுநாள் பள்ளிக்கூட மரத்தடியில் கூட்டம். பெண்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். செயலர் தீர்மானத்தை வாசிக்காமலே நோட்டை எல்லோரிடமும் கையெழுத்துக்கு விடப் பார்த்தார். எழுந்து போய் வாங்கினேன். அங்கேயே பிரித்துப் பார்த்தேன். நடுத்தெரு ரோடு இருந்தது, அதன் கீழே என் அழகான கையெழுத்து இருந்தது. குழாய் இல்லை.

"கையெழுத்து ஆயிருச்சு தலைவரம்மா. இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் செயலர், மெதுவாக.

"போட்டது நான்தானே? அடிக்கிறதும் நான்தான்" என்று கையெழுத்தின் மேல் கோடு கிழித்தேன். புதுப் பக்கத்தில் எழுத வேண்டும். மேசைக்கு முன்னால் நடு நாற்காலியில் என் வீட்டுக்காரர் இருந்தார்.

"செத்த எந்திரிங்க. நான் உக்காந்து எழுதணும்" என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், எழுந்து போனார். குழாய்த் தீர்மானத்தை நானே எழுதி, உரக்க வாசித்து, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். பதற்றத்தில் அது கோணலாக விழுந்தது.

சாயங்காலம் மகள் கேட்டாள்: "அப்பா எங்கம்மா உக்காந்திருந்தாரு?"

"ஜமுக்காளத்துல. பொம்பளையாளுகளோட" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். உள்ளே அவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. சோறு போட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்தேன். நாற்காலியைத் திருப்பிக் கொடுப்பதாக மட்டும் இல்லை.