டிவிக்காரும் அண்ணனின் இடது காதும்

காரின் மூக்கை முதலில் வெட்டியவன் நான். கிரைண்டரைக் கையில் எடுத்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. 'ஃபைபர்டா, மெதுவா புடி' என்று அண்ணன் கத்தியதைக் காதில் வாங்காமல் இழுத்ததில், பானெட்டோடு பாதி மட்கார்டும் சேர்ந்து வந்துவிட்டது. அண்ணன் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கி, என் பிடரியில் ஒன்று வைத்தான். எனக்கு வயது நாற்பத்து நான்கு. கல்பாக்கத்தில் என் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவராவது அன்றைக்கு என்னைப் பார்த்திருந்தால் திங்கட்கிழமை நான் ஸ்டாஃப் பஸ்ஸில் ஏறியிருக்க முடியாது.

அண்ணன் கொக்கிலமேட்டில் மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் ஒட்டுகிறவன். பாறையில் மோதி வயிறு கிழிந்து வரும் படகுகளைக் கவிழ்த்துப் போட்டு, கண்ணாடி இழை மேட் விரித்து, ரெசின் பசை பூசி, மறுபடி கடலுக்கு அனுப்புவான். மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டை இடித்துக் காலி செய்தபோது, பின்னால் சவுக்குத் தோப்பில் அந்தக் கார் கிடந்திருக்கிறது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். நம் நாட்டிலேயே ஒரு காலத்தில் கொஞ்சம் செய்து விற்றுவிட்டு நிறுத்திவிட்டார்கள். இரும்பை உப்புக்காற்று தின்றிருந்தது. ஃபைபர் உடம்பு மட்டும் முழுசாக இருந்தது. அண்ணனை எடுத்துப் போகச் சொன்னார்கள். குட்டியானையில் ஏற்றி, பின்பக்கம் பாதி வெளியே தொங்கத் தொங்கக் கொண்டுவந்து போட்டுவிட்டு எனக்கு போன் செய்தான்.

நாங்கள் பேசி ஏழு வருடம் ஆகியிருந்தது. அப்பா செத்த அன்று, பெட்டியின் முன்பக்கத்தை யார் தூக்குவது என்று கல்லறை வாசலில் அடித்துக்கொண்டோம். நான் அவன் பல்லை உடைத்தேன். அவன் என் கட்டைவிரலைப் பின்னால் மடக்கினான். மழைக்காலத்தில் இன்றும் வலிக்கும். ஏழு வருடம் கழித்து போனில் அவன் சொன்னது இவ்வளவுதான்: "டேய், ஒரு காரு கெடைச்சிருக்கு. நம்ம டிவிக்காரு செய்லாம், வர்றியா?"

உடனே போனேன். கார் ஒரு காரணம். இன்னொரு காரணம், முப்பத்தாறு வருடமாக அவனிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம். இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று போனேன். அது என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், எழுதும்போதாவது சுற்றி வளைக்காமல் இருக்கலாம்.

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் டிவியில் ஒரு துப்பறியும் தொடர் வரும். பாஷை வேறு, கதை எங்களுக்குப் புரியாது. பின்னால் சுறாத் துடுப்பு வைத்த ஒரு கார் வரும், அது போதும். வாரத்துக்கு ஒரு தடவையாவது வாய்க்காலையோ சுவரையோ தாண்டிப் பறக்கும். எங்களுடையது கருப்பு வெள்ளை டிவி. அப்போதெல்லாம் அதற்கு முன்னால் கலர் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுவார்கள்: மேலே நீலம், நடுவில் சிவப்பு, கீழே பச்சை. செய்தி வாசிக்கிற அம்மாவுக்கு முடி நீலமாகவும் தாடை பச்சையாகவும் இருக்கும். அப்பா அந்த ஷீட்டைச் செங்கல்பட்டில் வாங்கி, மடிந்துவிடக் கூடாதென்று பஸ்ஸில் நின்றபடியே தூக்கிக்கொண்டு வந்தார். "நம்ம வூட்ல கலர் டிவி கீது" என்று தெரு முழுக்கச் சொன்னார்.

அப்பா கட்டட வேலையில் மூட்டை தூக்கியவர். அடிப்பதற்கு அவருக்குக் குச்சி, பெல்ட் எதுவும் தேவைப்பட்டதில்லை, உள்ளங்கை போதும். சோற்றில் கல் கிடந்தால் அம்மாவுக்கு விழும். மார்க் குறைந்தால் எங்களுக்கு. ஒன்றுமே இல்லாத நாளில் எதிரே வருகிறவர்களுக்கு.

எனக்கு எட்டு வயது. அந்தக் கார் ஓடினால் சிவப்பு, பள்ளத்தில் இறங்கினால் பச்சை, பறந்தால் நீலம். எது நிஜம்? நிஜ நிறம் ஷீட்டுக்குப் பின்னால் இருக்கும் என்று நம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் தண்ணீருக்குப் போயிருந்தான், வீட்டில் யாரும் இல்லை. ஓரத்தில் இருந்த டேப்பைக் கிள்ளி ஷீட்டை உரித்தேன். கார் சாம்பலாக இருந்தது. வானமும் சாம்பல், ரோடும் சாம்பல். வந்த ஆத்திரத்தில் ஷீட்டைப் பிடித்து இழுத்தேன். குறுக்கே கிழிந்தது. உள்ளே வந்த அப்பா, "எவன்டா கிய்ச்சது?" என்றார்.

"அண்ணன்" என்றேன்.

அண்ணன் தோளில் குடத்தோடு வாசலுக்குள் காலை வைத்தான். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அறை இடது காதில் விழுந்தது. குடம் உருண்டது, அண்ணன் டிவி மேஜையில் மோதி விழுந்தான். விழுந்தவனை முடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, அதே இடத்தில் இன்னொன்று. தரையில் கிடந்த தண்ணீரில் அவன் காதிலிருந்து ரத்தம் சொட்டியது. நான் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காது இனிமேல் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் கழித்து அண்ணன் என்னிடம், "சனிக்கெயம நான் துணி போட்டு தொடச்சேன் இல்ல, அப்பதான்டா கிய்ஞ்சிருக்கும்" என்றான். தான்தான் கிழித்தோம் என்று அவனே நம்பிவிட்டான். நான் "ஆமாண்ணா, இருக்கும்" என்றேன். அப்பா அடித்த அடியைவிட நான் சொன்ன அந்த 'இருக்கும்' கேவலமானது. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எட்டு மாதம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் படூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து கொக்கிலமேட்டுக்குப் போனேன். அந்தத் தொடரின் ஒரு படம்கூட எங்கேயும் கிடைக்கவில்லை. ஞாபகத்திலிருந்து ஷெட் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் காரை வரைந்தோம். துடுப்பு எவ்வளவு உயரம் என்பதற்கு ஒரு சண்டை. மூக்கில் ஓட்டை ரெண்டா மூன்றா என்பதற்கு ஒரு சண்டை. துருப்பிடித்த போல்ட்டுகள் ஸ்பேனருக்கு மசியாமல் சம்மட்டிக்குத்தான் வழிவிட்டன. உப்பு தின்ற இரும்புக்குப் பதில், உடைக்கப் போட்ட ஒரு பழைய காரின் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் வாங்கிப் பொருத்தினோம். ஒரு நாள் ரெசினை இறுக வைக்கிற ஹார்டனரை அதிகமாக ஊற்றிவிட்டேன். டப்பா புகைந்து சூடேறி அண்ணன் கையைச் சுட்டது. கையில் இருந்த பட்டி பூசும் தகட்டை என் மேல் வீசினான். முழங்கையில் நாலு தையல். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது காரு கீறினதா, உங்க அண்ணன் கீறினதா?" என்றாள். இரண்டாவது பதில் வந்தால் அந்தச் சட்டையை வாஷிங் மெஷினில் போட மாட்டாள், கையால் துவைக்கச் சொல்லுவாள்.

அடித்துக்கொண்டாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். அண்ணன் பக்கத்தில் இருந்தான். அதனாலேயே சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் போனது. சொன்னால் இவன் மறுபடி போய்விடுவான். ஆகவே ஒரு கோழை வழி கண்டுபிடித்தேன். அவனுடைய இடது பக்கம் நின்று, கிரைண்டர் ஓடும்போது, "அண்ணா, அத கிய்ச்சது நான்தான்" என்று சொல்லுவேன். நூறு தடவை சொல்லியிருப்பேன். அவன் திரும்பி, "இன்னாடா முணுமுணுக்குற?" என்பான். வலது பக்கம் போய், "டீ சொல்லட்டுமான்னு கேட்டேன்" என்பேன். எட்டு மாதத்தில் அவன் என்னால் குடித்த டீக்கு அளவே இல்லை.

கடைசியில் நிறம் மட்டும் மிச்சம். அண்ணன் நீல பெயிண்ட் கலந்து வைத்திருந்தான்.

"ப்ளூவா?" என்றேன்.

"பின்ன? அது ப்ளூதான்டா. பறக்கசொல்லோ ப்ளூவாத்தான் இருக்கும்."

"அது ஷீட்டோட ப்ளூண்ணா. சில்வர் அடிக்கலாம்."

"ஷீட்டோ கீட்டோ, நான் பாத்தது ப்ளூ. காதுதான் போச்சு, கண்ணு நல்லாத்தான் கீது."

அவன் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் தலைக்கு ஏறியது. அந்தக் காது போகக் காரணமான ஷீட்டின் பொய் நிறத்தையே அடிக்கச் சொல்கிறானே என்று வந்த எரிச்சல், அவன் மேல் திரும்பியது. பெயிண்ட் டப்பாவை எட்டி உதைத்தேன். ஷெட் தரையெல்லாம் நீலம். அவன் என் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். என் முதுகு பட்டு, சுண்ணாம்பில் வரைந்த கார் அழிந்தது.

"பேஜார் பண்ணாதடா! இன்னாத்துக்கு ஒதச்ச? ப்ளூ இல்லன்னா இன்னா கலரு, சொல்லு!"

"சாம்பல்! வெறும் சாம்பல்ணா! ஷீட்ட உரிச்சி என் கண்ணால பாத்தேன்!"

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அண்ணனின் கை காலரிலேயே இருந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எப்போ உரிச்ச?" என்றான்.

என் பார்வை அவன் இடது காதுக்குப் போனது. அவன் காலரை விட்டுவிட்டுப் போய்ச் சம்மட்டியை எடுத்தான். எனக்குத்தான் என்று நினைத்தேன். காரின் மூக்கில் இறக்கினான். எட்டு மாதமாக மேட் மேட்டாக ஒட்டி, தேய்த்து, வழவழப்பாக்கிய மூக்கு மூன்றாவது அடியில் பிளந்தது. நாலு, ஐந்து, ஆறு. துடுப்புப் பக்கம் அவன் திரும்பியதும் நான் பாய்ந்தேன். தப்பு செய்தவன் நான், ஆனாலும் அவன் வாயில் குத்தினேன். உதடு கிழிந்தது. இன்னொன்றும் குத்தினேன். கார் போகிறதே என்றுதான் அப்போது தோன்றியது. அப்பாவின் ரத்தம் எனக்குள் எவ்வளவு ஓடுகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் திருப்பி அடிக்கவில்லை. சம்மட்டியைக் கீழே போட்டான். தாடையில் ரத்தம் வழிய என் கிட்டே வந்து, முகத்தைத் திருப்பி, வலது காதைக் காட்டினான்.

"இத்தினி நாளு அந்தப் பக்கம் நின்னு இன்னாமோ சொல்லிக்கினு இருந்தியே, அத இதுல சொல்லு."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்: டேப்பைக் கிள்ளியது, இழுத்தது, 'அண்ணன்' என்றது, 'இருக்கும்' என்றது. அழுதுகொண்டே சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டான். பிறகு நிமிர்ந்து, கையை விரித்து, என் இடது காதில் அறைந்தான். அப்பாவின் அதே அறை, அதே உள்ளங்கை. நான் நீல பெயிண்டில் விழுந்தேன். தலைக்குள் ஒரே இரைச்சல்.

"கேக்குதா?" என்றான்.

"கேக்குது."

"எனக்கு அன்னிக்கி கேக்கல" என்றான். "தொடச்சசொல்லோ நாமளே கிய்ச்சிட்டோம்னு எத்தினி வருசம்டா... போ. இங்க வராத."

நான்கு வாரம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் நான் இருந்த இருப்பைப் பார்த்து, இதற்கு அந்த அடியே மேல் என்று மனைவி சொன்னாள். காதில் இரைச்சல் குறைந்தபோதுகூட எனக்குப் பயமாக இருந்தது. முழுக்க நின்றுவிட்டால் அவன் தொட்ட கடைசி அடையாளமும் போய்விடும் என்று தோன்றியது. ஐந்தாவது வாரம் போன் வந்தது.

"மூக்கு ஒட்டி காஞ்சிடுச்சி. வா."

போனேன். கார் வாசலில் நின்றது, முழுக்க நீலம். ஒட்டிய இடத்தில் மூக்கு லேசாகக் கோணியிருந்தது. எனக்கும் அது நீலமாகவே இருக்கட்டும் என்றிருந்தது. அண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். சின்ன வயதிலிருந்தே அதை ஓட்டப்போவது அவன்தான் என்பது எங்களுக்குள் முடிவான விஷயம். நான் இடது பக்கம் ஏறினேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனோம். பைக்கில் வந்தவர்கள் துடுப்பைப் பார்த்துக் கூவினார்கள். சதுரங்கப்பட்டினம் தாண்டும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன். மன்னிச்சிடுண்ணா என்றேன். அப்பாவைப் பற்றிப் பேசினேன், அந்தக் குடத்தைப் பற்றிப் பேசினேன். அவன் ரோட்டையே பார்த்து ஓட்டினான். எதற்கும் முகத்தில் அசைவில்லை. அவ்வளவுதான், கூப்பிட்டது காரைக் காட்ட மட்டும்தான், என்னை மன்னிக்கவில்லை என்று வாயை மூடிக்கொண்டேன்.

பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் ஓரம்கட்டி நிறுத்தினான். இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"எறங்கு. நீ ஓட்டு."

"ஏண்ணா? நீதான ஓட்டணும்னு..."

"அங்க குந்திகினு இருந்தா நீ பேசறது ஒண்ணுமே கேக்கலடா" என்றான். சாவியை என் கையில் வைத்துவிட்டு, இடது சீட்டில் ஏறி உட்கார்ந்து, வலது காதை என் பக்கம் வைத்துக்கொண்டான்.