எந்த ஊர்க் கை?

வாரா வாரம் ஊர்க்கதை பேசுகிறேன். இந்த வாரம் என் மானம் போன கதை.

போன திங்கட்கிழமை இராமநாதபுரத்தில் ஒரு இன்டர்வியூ. பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் ஆசிரியர் வேலை. வயது வரம்பில் எனக்கு இதுதான் கடைசி வருஷம். கிடைத்தால் என் மனைவி ராக்கு நடவுக்குப் போவதை நிறுத்திவிடலாம். அவள் இடுப்பு இனிமேல் தாங்காது... எனக்கே தெரிகிறது.

என்னென்ன தெரியும் என்று அதிகாரி கேட்டார்.

பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் மண்ணில் பொம்மை செய்தேன். பஸ்ஸில் கொண்டுபோனால் உடைகிறதே என்று மரத்துக்குப் போனேன். நல்ல மரம் கிடைக்கவில்லை — இராமேஸ்வரத்தில் சிப்பி ஒட்டினேன். யாத்திரை வருகிறவர்களுக்கு வருஷம் முழுக்க ஒரே மயில், ஒரே கோபுரம். சலித்துப்போய் சிமெண்டுக்கு வந்தேன். சிமெண்டுக்கோ அப்போது சர்க்கார் பர்மிட் வேண்டும். அது வரும்வரை சும்மா இருக்க முடியுமா? பனை ஓலையில் பெட்டி முடைந்தேன்.

சொல்லச் சொல்ல எனக்கே அலுப்பாக இருந்தது. அவர் பொறுமையான மனிதர். மேஜைமேல் ஒரு உருண்டை களிமண்ணை வைத்து, காளை மாடு ஒன்று செய்யச் சொன்னார்.

இதென்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன். மண்ணில் ஒட்டி ஒட்டித்தானே உருவம் வளரும்? என் கை செதுக்க ஆரம்பித்துவிட்டது — மரம் என்று நினைத்துக்கொண்டு! திமிலில் கொஞ்சம் எடுத்தேன். கழுத்தில் கொஞ்சம் எடுத்தேன். இறுகிவிடுமோ என்று சிமெண்ட் அவசரம் வேறு. மண்ணுக்கு என்ன அவசரம்? அரை மணியில் என் காளை மூஞ்சூறு அளவுக்கு வந்து நின்றது.

அதிகாரி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"கை நல்ல கைதான். ஆனா எந்த ஊர்க் கைன்னுதான் தெரியல."

கோபம் வரவில்லை. உண்மைக்குக் கோபப்பட இந்த வயதில் தெம்பு ஏது? ஒரு தொழிலை விட்டுவிட்டதாக நாம் நினைக்கிறோம். அது நம் விரலை விட்டுப் போகிறதா என்ன? புது வேலையில் உட்கார்ந்தால் பழைய வேலையெல்லாம் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது.

வேலை கிடைக்கவில்லை என்பதை ராக்குவிடம் மறைக்கவில்லை. அவள் திட்டவும் இல்லை. நான்தான் சமாதானமாக, டவுனில் ஒருவர் பித்தளை வேலை கற்றுத்தருகிறாராம், ஆறு மாதம் போதுமாம் என்று இழுத்தேன்.

மறுநாள் காலை நடவுக்குக் கிளம்பி, சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எனக்குத் தெரிஞ்சது ஒரே மண்ணுதேன். போயிட்டு வாரேன்."