பேச்சி இறக்காத மழை

கடலைக் குடித்து மழையாக இறக்கும் மழைநாகத்துக்குத் துணையாக இருப்பவர் வீட்டில் துணி காயாது என்று திருவனந்தபுரத்துக் கரமனையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு பிறந்ததே உலகம்மாளின் வீட்டைப் பார்த்துத்தான்.

அவள் அம்பாசமுத்திரத்துக்காரி. கல்யாணமான புதிதில் கணவன் கோலப்பனோடு திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கு வந்தாள். ஒருநாள், கடலில் நீர் குடித்துவிட்டு வழி தவறிய இளம் நாகம் ஒன்று அவர்கள் வேலை செய்த கட்டடத்தின் சாரத்தில் இறங்கிவிட்டது. பனைமர நீளம், ஈரச் சாம்பல் நிறம். இறக்கையை மடக்கத் தெரியாமல் கம்புகளை முறித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் ஓடினார்கள். உலகம்மாள் மட்டும் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து வீசி, வயலுக்குள் புகுந்த எருமையை விரட்டுவதுபோல், "ஏய், போ அங்கிட்டு" என்றாள். அது போகவில்லை. கழுத்தைத் தாழ்த்தி அவள் முகத்தை மோந்து பார்த்தது. மந்திரம் சொல்லி அடக்கினாள் என்று பின்னால் கதை கட்டினார்கள். அது சரியல்ல. அவள் சொன்னது அவ்வளவுதான்.

மறுவாரமே, மழைநாகங்களைக் கவனிக்கும் மேகச் சபையிலிருந்து ஆள் வந்தது. நாகம் யாரை மோந்ததோ அவரே அதற்குத் துணை. சபைக்கு அதில் இரண்டாம் யோசனை கிடையாது. சங்குமுகம் கடற்கரையில் அவள் நாக்கில் உப்புக்கல்லை வைத்துச் சத்தியம் வாங்கினார்கள். இறக்கும் மழையில் முதல் துளி தன் கூரைக்கு. எப்போது இறங்கும் என்பதை வீட்டாருக்கும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. முற்காலத்தில் ஒரு துணை, பணக்காரன் ஒருவனின் பேச்சைக் கேட்டு அடுத்தவர் களத்து நெல்லை நனைத்துவிட்டானாம். அதற்குப் பிறகு வந்த விதி இது. தன் வீடு நனையாமல் பிறர் வீட்டை நனைக்கக் கூடாது.

நாகத்துக்கு உலகம்மாள் தன் குலதெய்வத்தின் பெயரையே வைத்தாள். பேச்சி.

விதி நல்ல விதிதான். கோலப்பனுக்குத்தான் ஆகிவரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டு கட்டட வேலையை விட்ட பிறகு, அவர் மோர்மிளகாய் போட்டுத் தம்பானூர் ஹோட்டல்களுக்குக் கொடுத்துவந்தார். கரமனை ஆற்றோரம் அவர்கள் வாங்கிய வீடு ஓட்டு வீடு. பின்கட்டுக்கு மட்டும் சிமென்ட் தளம். ராத்திரி மோரில் ஊறிய மிளகாயைப் பகலில் அந்தத் தளத்தில் ஓலைப்பாய் விரித்துக் காயப்போடுவார். முதல் துளி வேறெங்கும் விழாது. பாயின் மேல் 'படக்'கென்று விழும்.

"ஏட்டி, உன் தங்கச்சி வந்துட்டா பாரு, எம் பொழப்புல தண்ணி ஊத்த" என்று கத்துவார் கோலப்பன்.

"வானத்தப் பாத்து அள்ளியிருக்கலாம்லா?"

"நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லப்படாதுல்லா. உப்பத் தின்னுட்டேனே."

அவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, ஏணியில் ஏறி, வானத்தைப் பார்த்துத் திட்டியபடியே மிளகாயை அள்ளுவார். பேச்சி அவர் தலைக்கு மேலேயே நின்று இறக்கையை உதறும். பிறகுதான் கரமனைக்கும் கிள்ளிப்பாலத்துக்கும் மழை போகும். உலகம்மாள் அடுக்களையில் நின்று வாயைப் பொத்திச் சிரிப்பாள். ஹோட்டல்காரர் நேசையன், "சரக்கு எங்கவே?" என்று கேட்டால் கோலப்பனிடம் எப்போதும் ஒரே பதில்தான். "மழ."

மகன் மகேஷ்குமாருக்குக் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கேயே உயரமான ஒரு மாடியில் ஃபிளாட் வாங்கினான். இந்த மாசியில் கரமனை வீட்டை விற்றுவிட்டு மூவரும் அங்கே குடிபோனார்கள். பால்கனியில் நாள் முழுக்க வெயில், மேலே கூரை. கோலப்பன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாய் மிளகாயை நனையாமல் காயவைத்தார். லிஃப்டில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஒன்றை எடுத்துக் காட்டினார். "பாருங்க, எலும்பு மாதிரி வெள்ள."

உலகம்மாளுக்கு அந்த வீட்டில் ஓர் ஓசை குறைந்தது. என்ன ஓசை என்று இடவப்பாதி மழைக்காலம் வந்த பிறகே தெரிந்தது.

பேச்சி வந்தது. வயிறு கடலைக் குடித்துத் தொங்கியது. முதலில் கரமனையில் சுற்றியது. பழைய பின்கட்டு இருந்த இடத்தில் யாரோ கார் ஷெட் போட்டிருந்தார்கள். பிறகு உலகம்மாளின் வாடையைப் பிடித்துக் கழக்கூட்டத்துக்கு வந்து ஃபிளாட்டைச் சுற்றியது. மழையை மட்டும் இறக்கவில்லை. நாளாக ஆக அதன் நிறம் கறுத்தது, பறப்பது தாழ்ந்தது.

கிழக்கேகோட்டையில் உள்ள சபை ஆபீஸிலிருந்து அஜின் போன் செய்தான்.

"அக்கா, சபை தீர்மானிச்சாச்சு கேட்டோ. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நோக்கும். எறக்கலேன்னா மத்த நாகங்கள விட்டுத் தண்ணிய எடுத்துட்டு, பேச்சிய அவுத்து விட்டுரும். அதுக்கு மேல வெச்சா வயிறு வீங்கிப் பொட்டிப் போவும்."

அவிழ்த்துவிட்ட நாகம் நடுக்கடலுக்குப் போய்விடும். பிறகு யார் கூப்பிட்டாலும் திரும்பாது. உலகம்மாளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாகத்தை அழைக்கும் முறைப்படி நாக்கில் உப்பை வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் முனகிக் கூப்பிட்டாள். பேச்சி வந்து, தளத்தை ஒரு முறை மோந்துவிட்டு விலகியது.

அஜினுக்குக் காரணம் உடனே புலப்பட்டது. "அது காமன் டெரஸல்லே அக்கா? சொந்தக் கூரை அல்லல்லோ."

மகேஷ்குமார் அசோசியேஷன் செக்ரட்டரியிடம் பேசி, மொட்டைமாடி ஒரு நாளுக்கு உலகம்மாளுக்கே சொந்தம் என்று முத்திரை குத்திய கடிதம் வாங்கிவந்தான். உலகம்மாள் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். பேச்சி மறுபடியும் விலகியது.

"பேச்சிக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது" என்றார் கோலப்பன்.

மறுநாள் மத்தியானம் உலகம்மாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பால்கனி இருண்டது. பேச்சி கம்பிக்கு வெளியே தொங்கியபடி நின்றது. மூக்கைக் கம்பிக்குள் நுழைத்து மோந்தது. அவளைப் பார்க்கவில்லை; தரையில் கிடந்த ஓலைப்பாயைத்தான் பார்த்தது. மேலே கூரை இருந்ததால் அதற்கு எட்டவில்லை. ஒரு தடவை முனகிவிட்டு விலகிப் போனது.

உலகம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சத்தியத்தில் சொன்ன கூரை அவளுக்குத்தான் கூரை. பேச்சிக்கு அது இந்த மோர்மிளகாய் வாடை. முதல் துளியை அது போட்டதெல்லாம் கூரை மேல் அல்ல, இந்தப் பாயின் மேல்.

வாயைத் திறந்தாள். பாயில் கிடந்த வெள்ளை மிளகாயைப் பார்த்து மூடிக்கொண்டாள். இத்தனை காலம் நனைந்த மனுசனிடம் இதையும் எப்படிக் கேட்பது?

கோலப்பன் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பாயை மிளகாயோடு சுருட்டித் தோளில் வைத்தார்.

"எங்க போறீங்க?"

"உப்ப எடுத்துட்டு வா."

மொட்டைமாடியின் நடுவில் பாயை விரித்து, மிளகாயைக் கையால் பரப்பினார். ஒன்றின் மேல் ஒன்று படாமல், விற்பனைக்குக் காயப்போடுவதுபோலவே பரப்பினார். உலகம்மாள் முனகினாள். பேச்சி மேலே வந்து நின்றது. மாடி முழுக்க நிழல் விழுந்தது. ஆனாலும் துளி விழவில்லை. எதற்கோ காத்திருப்பதுபோல் கழுத்தை ஒருபுறம் சாய்த்துக் கோலப்பனையே பார்த்தது.

கோலப்பன் நிமிர்ந்தார்.

"என்னட்டி பாக்க? வந்துட்டால்லா எம் பொழப்புல தண்ணி ஊத்த. ஊத்து, மூதேவி. கரமனையில கெடுத்தது பத்தாதுன்னு ஏழு கடலத் தாண்டி இங்கயும்…"

படக்.

பாயின் நடுவில் ஒரு மிளகாய் துள்ளி விழுந்தது. உலகம்மாள் அந்த ஓசையைக் கேட்டாள். அடுத்த கணம் கழக்கூட்டம் முழுக்க மழை. நெடுஞ்சாலையில் வண்டிகள் விளக்குப் போட்டன. ஹாஸ்டல் பிள்ளைகள் ஜன்னல்களில் கூவினார்கள். பேச்சி வெளுத்து, லேசாகி, இறக்கையை உதறிக்கொண்டு கரமனைப் பக்கம் திரும்பியது.

கோலப்பன் திட்டுவதை நிறுத்தவில்லை. தலையில் போடச் சாக்கு இல்லை; நனைந்தபடியே மண்டியிட்டு மிளகாயை அள்ளினார். இந்த முறை உலகம்மாள் அடுக்களையில் நிற்கவில்லை. முந்தானையை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேசையன் கேட்டா என்ன சொல்லுவேன்?" என்றார் கோலப்பன்.

"எப்பவும் சொல்லுததச் சொல்லுங்க."