அத்தா வெட்டிய வரப்பு

“நல்ல மனுஷன்னா எதுக்குடி வருஷா வருஷம் வீடு வீடாப் போயி மன்னிப்பு கேக்குறாரு உங்க அத்தா?”

ஒன்பதாம் வகுப்பில் என்னோடு படித்த மாலதி ஒருநாள் இப்படிக் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது; பதில் வரவில்லை. அத்தா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில், ஓதுவதற்கான யாசீன் புத்தகத்தோடு சேர்ந்து உங்கள் கைக்கு வரும் இந்த நினைவு மலரில் அந்தப் பதிலை எழுதுகிறேன்.

அத்தா குடவாசலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர்கள். தம் தகப்பனார் மவுத்தாகி அடக்கமானபோது அத்தாவுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் அதோடு நின்றது. மாடு மேய்த்தார்கள், நாற்றுக்கட்டு சுமந்தார்கள், பிறகு டிராக்டர் ஓட்டக் கற்றார்கள். கடைசிவரை ஓட்டியது பிறருடைய டிராக்டர்தான். வயலில் சேறடித்து முடித்ததும், வண்டி எட்டாத மூலைகளை மண்வெட்டியால் கொத்திக் கொடுத்துவிட்டுத்தான் கரையேறுவார்கள். யாரும் கேட்காத வேலை அது. எழுத்தென்று தம் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அவர்களுடைய மகள் நான் இன்று தஞ்சாவூரில் எம்.ஏ. படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதில் எனக்கிருக்கும் பெருமையைவிட அத்தாவுக்கு இருந்த பெருமை அதிகம்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடு வீடாகப் போய் ‘பொறுத்துக்குங்க’ என்று கேட்பது நம் வழக்கம். அத்தா ஹஜ்ஜுக்குப் போனதில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சம்பா அறுவடை முடிந்ததும், எந்த எந்த வயலில் உழுதார்களோ அந்த வீடுகளுக்கெல்லாம் போய் அதே வார்த்தையைக் கேட்பார்கள்.

“என்ன பாய், இந்த வருஷமாவது ஹஜ்ஜுக்கா?” என்று டீக்கடையில் இருப்பவர்கள் சீண்டுவார்கள்.

“இல்லப்பா, வண்டிய சர்வீஸுக்கு விடப் போறேன். அதுக்குள்ள கேட்டுக்கலாம்னு.”

மாலதி கேட்ட அன்று நானும் அத்தாவிடம் கேட்டேன். “வண்டி ஓட்டுறவன்மா நான். எந்த வரப்ப எப்ப ஒடச்சேன்னு யாரு கண்டா?” என்று சிரித்தார்கள். வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்தேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில் ஒரு பகல் வேளை, மறுபடியும் கேட்டேன். இந்தமுறை சொன்னார்கள்.

நான் பிறப்பதற்கு முன்பு, ஆற்றில் தண்ணீர் குறைந்து முறை வைத்து விட்ட ஓர் ஆண்டு. நாற்று விடுவதற்காக மேல் வயல்காரர் தம் வயலில் தண்ணீர் தேக்கியிருந்தார். அத்தா டிராக்டரை இறக்க, கீழ் வயலை ஒட்டிய வரப்பை வெட்டினார்கள். திரும்ப அடைக்க மறந்துபோனார்கள். மறுநாள் காலையில் மேல் வயலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லாம் கீழ் வயலில் நின்றது. கீழ் வயலைக் குத்தகைக்குச் செய்தவர் ஜெயக்கொடி என்ற பெண். ‘தண்ணி திருடி’ என்றது ஊர். மேல் வயல்காரர்தான் டிராக்டருக்கும் சொந்தக்காரர். வேலை போய்விடும் என்று அத்தா வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு குத்தகை பறிபோய், ஜெயக்கொடி திருத்துறைப்பூண்டிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அத்தா இரண்டு முறை அங்கே போய், பஸ் ஸ்டாண்டோடு திரும்பியிருக்கிறார்கள்.

“எல்லார்கிட்டயும் கேட்டேன்மா. கேக்க வேண்டியவங்ககிட்ட கேக்கல. நீ எழுதத் தெரிஞ்சவ.”

அவ்வளவுதான் சொன்னார்கள்.

அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அல்லாஹ் மன்னிப்பான். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் பொறுக்க வேண்டும் என்று மதரஸாவில் படித்திருக்கிறேன். அதற்கு ஒரு முகமும் ஊரும் உண்டென்று அன்றுதான் அறிந்தேன்.

விசாரித்து விசாரித்து, போன மாதம் ஜெயக்கொடி அம்மாவைக் கண்டுபிடித்தேன்.

“டிராக்டர் பாய் மவளா? மூலையெல்லாம் கொத்திக் குடுப்பாரே” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் விஷயத்தைச் சொல்லி முடித்தபோது அவர் முறத்தில் இருந்த உளுந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்கிட்ட வந்து சொன்ன, சரி. திருடின்னு சொன்னது நீயா? ஊருல்ல சொல்லுச்சு. ஊருக்குச் சொல்லு. அப்பறம் பொறுக்குறதப் பாப்போம்.”

இதை நினைவு மலரில் எழுதப் போகிறேன் என்றதும் அத்தாவின் அண்ணன், பெரியத்தா, தயங்கினார்கள். “மலர்ல போயி இதையா எழுதுவ? மவுத்தானவங்களப் பத்தி நல்லதத்தான் சொல்லணும்.”

“இதுவும் நல்லதுதான் பெரியத்தா. அத்தா செய்ய நெனச்ச நல்லது.”

பெரியத்தா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். பிறகு, “அந்தம்மாகிட்ட மொதல்ல படிச்சுக் காட்டு. அப்பறம் அச்சுக்குக் குடு” என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுத்த தம்பிகளுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாள்களில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், அத்தாவைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்த எல்லாத் தெருச் சகோதரர்களுக்கும், அத்தாவுக்காகக் கையேந்தி துஆச் செய்த ஜமாத்தாருக்கும் எங்கள் நன்றி. ஆண்டுதோறும் அத்தாவை உட்காரவைத்து ‘பொறுத்துக்கிட்டோம் பாய்’ என்று சொல்லி அனுப்பிய ஒவ்வொரு வீட்டுக்கும் நன்றி. அந்த வீடுகளிடம்தான் இப்போது இதைச் சொல்கிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை இந்தத் தாளோடு மறுபடியும் திருத்துறைப்பூண்டி பஸ் ஏறினேன். முழுவதையும் படித்துக் காட்டினேன். அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

“வெறும் ஜெயக்கொடின்னு போட்டா யாருக்குத் தெரியும்? அந்த ஊர்ல மூணு ஜெயக்கொடி. தெருவையும் போடு.”

வாய்க்கால் தெரு ஜெயக்கொடி தண்ணீர் திருடவில்லை. வரப்பை வெட்டியது எங்கள் அத்தா.

போட்டு, அச்சகத்தில் கொடுக்கிறேன்.