ஈர மெத்தையின் எடை

கொல்லிமலையிலிருந்து அழைப்பு வந்தால் எனக்கு முதலில் பயம்தான் வரும். மஸ்கட்டுக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் அது மாறவில்லை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் எடுப்பேன். சின்னுசாமி என்றால் மட்டும் இரண்டாவது வாக்கியத்திலேயே பயம் தெளிந்துவிடும். அதற்குள் அவன் தன் சகலையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பான்.

என் அப்பா மலைமேல் செம்மேட்டில் வாத்தியாராக இருந்தபோது சின்னுசாமி என்னோடு பத்தாவது வரை படித்தான். மலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்பார்கள்; எடப்புளி நாட்டில் அவனுக்குக் கொஞ்சம் மிளகும் மரவள்ளியும் உண்டு. ஆனால் சோற்றுக்கு வழி செய்வது அவனுடைய குட்டியானைச் சரக்கு வண்டிதான். மலைமேல் விடுதிகள் பெருகிய பிறகு உடைந்த நாற்காலி, ஓட்டை விழுந்த தண்ணீர்த்தொட்டி, நாறிப்போன மெத்தை எல்லாம் பெருகின. அவற்றை ஏற்றிக் கீழே கொண்டுபோய்த் தொலைக்கிற வேலை அவனுடையது. பழைய இரும்புக்காரர் பணம் கொடுத்துச் சாமானை எடுப்பார். சின்னுசாமி பணம் வாங்கிக்கொண்டு எடுப்பவன். அந்தப் பணத்தில் பாதியைக் கீழே கொட்டுவதற்கே கொடுத்துவிட்டு வருபவன்.

இரும்புக்கும் பாட்டிலுக்கும் அடிவாரத்தில் ஆள் உண்டு. மெத்தையை யாரும் தொடமாட்டார்கள். சேந்தமங்கலத்தைத் தாண்டி ஒரு தனியார் கழிவுக் கிடங்கு இருக்கிறது. அங்கே கிலோவுக்கு இவ்வளவு என்று நாம்தான் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் மலைமேல் இருக்கும் மெத்தை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூடுபனி சன்னல் வழியாக வந்து அதற்குள்ளேயே குடியிருக்கும். எடை மேடையில் வண்டி நின்றால் முள் எகிறும்.

"நான் பணம் கட்டறது மெத்தைக்கு இல்லப்பா, மேகத்துக்கு" என்று ஒருமுறை சொன்னான்.

அதற்காக அவன் கண்ட வழி, மலைப்பாதையின் எழுபது கொண்டையூசி வளைவையும் ஒரே நடையில் முடிப்பது. இரண்டு நடைக்கு ஆகும் டீசல் கிடங்குக் கூலியைவிட அதிகம். அதனால் வண்டியின் தலைக்கு மேல் இன்னொரு வண்டி நிற்பதுபோல் அடுக்குவான். அவ்வளவு உயரம் அடுக்க அவனுக்குத் தைரியம் கொடுத்தது அவன் கட்டும் கட்டு. மிளகு பறிக்கும்போது ஒற்றை மூங்கில் ஏணியை மரத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். சின்னுசாமி கட்டினால்தான் ஏறுவேன் என்று சொல்லும் பறிப்பாட்கள் மூன்று நாடுகளில் இருக்கிறார்கள். நைலான் கயிறு நனைந்தால் வழுக்கும் என்று மனைவி பானுமதியின் பழைய சேலைகளைத் திரித்து வைத்திருப்பான். மெத்தையைச் சுருட்டிக் கட்டினாலும் அதே கட்டுதான்: மூன்று சுற்று, உள்மடிப்பாக ஒரு முடிச்சு, வால் இடப்பக்கம். வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை.

சகலை முருகானந்தம் குண்டனி நாட்டுக்காரர். பானுமதியின் தங்கை சுகுணாவைக் கட்டியவர். சின்னுசாமியைவிட ஆறு வயது இளையவர். இரண்டு வருடம் முன்பு அவரும் ஒரு குட்டியானை வாங்கி இதே தொழிலுக்கு வந்தார். அன்றிலிருந்து சின்னுசாமிக்கு மலையில் நிம்மதியான இடம் ஒன்றும் இல்லை.

முருகானந்தத்தின் தார்ப்பாய் புதியது. முருகானந்தம் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறார். முருகானந்தத்துக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. மாமியார் பொன்னாயி ஊர்ப் பண்டிகையான நோம்பிக்குக் கோழி அடித்தால் ஈரலை எடுத்து முருகானந்தத்தின் இலையில் வைக்கிறார். இதெல்லாம் எனக்கு மஸ்கட்டில் உட்கார்ந்தபடியே தெரியும். எந்த நோம்பிக்கு எத்தனை துண்டு என்பதுவரை தெரியும்.

எல்லாவற்றையும்விட அவனை அரித்தது முருகானந்தம் கேட்கும் கூலிதான். சின்னுசாமி கேட்பதில் பாதிக்குச் சற்று மேல். டீசல் ஒன்றுதான், கிடங்கு ஒன்றுதான், மலையும் ஒன்றுதான். அப்புறம் எப்படிக் கட்டுப்படியாகிறது? சின்னுசாமி வழியில் டீக்கடையில் உட்கார்ந்து சகலையின் வண்டி எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணினான். வாரத்துக்கு ஒரு முறைதான். ஏற்றுகிற சாமானோ மூன்று நடை. மிச்சம் எங்கே போகிறது?

"பள்ளத்துல தள்ளி உட்டுட்டு வாரான். வேற என்ன?" என்றான் என்னிடம்.

பானுமதியிடமும் அதையே சொல்லியிருக்கிறான். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே, "அவரு தள்ளறத நீங்க பாத்தீங்களாக்கும்? தார்ப்பாய் வாங்கறதுக்கு வக்கில்ல, அடுத்தவங்க பள்ளத்த எட்டிப் பாக்கறீங்க" என்றாளாம்.

இப்படி இருக்கையில்தான் ஹேமலதாவின் விடுதி வேலை வந்தது. ஹேமலதா ஈரோட்டுக்காரர். செம்மேட்டை ஒட்டி முப்பது அறைகளுடன் விடுதி நடத்துபவர். எல்லா அறைகளிலும் மெத்தை மாற்றப் போவதாகவும், பழைய மெத்தைகளை ஒழுங்காக அப்புறப்படுத்துபவருக்கே இனி வருடம் முழுக்க விடுதியின் கழிவு வேலை என்றும் சொல்லிவிட்டார். ஐப்பசியில் முதல் பதினைந்து மெத்தையைச் சின்னுசாமி ஏற்றினான். அடுத்த பதினைந்தை முருகானந்தம் ஏற்றினார். இருவரும் கிடங்கின் எடைச் சீட்டைக் கொடுக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் முடிவு.

வருட ஒப்பந்தம் கிடைத்தால் சின்னுசாமி பருவமழை மாதங்களிலும் வண்டித் தவணையைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கலாம். கிடைக்காவிட்டால் மார்கழிக்குள் வண்டியை விற்க வேண்டும். அதை அவன் சொன்னபோது குரலில் கேலி இல்லை. ஆனால் அடுத்த மூச்சில், "நான் வித்தா அவன்தான் வாங்குவான்" என்றான். வண்டி போவதைவிட அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

கார்த்திகை முதல் வாரத்தில் ஒரு காலை, சின்னுசாமி நாற்பத்தாறாவது வளைவில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்திருக்கிறான். அவன் தினமும் ஏதாவது ஒரு வளைவில் இறங்கிப் பார்ப்பதை அப்போது வழக்கமாக்கியிருந்தான். மூடுபனி ஒரு நொடி விலகியது. வெகு கீழே, மூங்கில் புதரில், வெள்ளையாகச் சுருட்டிய ஒன்று சிக்கியிருந்தது. மெத்தை.

உடனே என்னை அழைத்தான். அவ்வளவு சந்தோஷமான குரலை அவனிடம் கல்யாணத்தன்றுகூட நான் கேட்டதில்லை. புகைப்படமும் அனுப்பினான். அதில் மூடுபனியும் ஒரு வெள்ளைப் புள்ளியும்தான் தெரிந்தன.

"ஏப்பா, நீ ரெண்டு பாஷை படிச்சவன். ஒரு புகார் எழுதிக் குடு. இங்கிலீசுல ஒண்ணு ஹேமலதாம்மாவுக்கு, தமிழ்ல ஒண்ணு ஃபாரஸ்ட் ஆபீசுக்கு. படிச்சா கை நடுங்கோணும்."

நான் தயங்கினேன். யார் போட்டது என்று பார்க்காமல் எப்படி எழுதுவது என்று கேட்டேன். மலையில் மெத்தை ஏற்றுவது தாங்கள் இருவர் மட்டுமே, தான் போடவில்லை, அப்படியென்றால் யார் என்று திருப்பிக் கேட்டான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எழுதினேன். வனப்பகுதி, நீரோடை, சட்டப்பிரிவு என்று நன்றாகவே எழுதினேன். அனுப்பிவிட்டு இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

வனக்காவலர் காளியண்ணன் நிதானமான மனிதர். புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர் இருவரையும் வரச்சொன்னார். ஹேமலதாவும் தன் காரில் வந்தார். முதலில் முருகானந்தத்தின் இடத்தைப் பார்த்துவிடலாம் என்று எல்லாரையும் குண்டனி நாட்டுக்கு அழைத்துப் போனார் காளியண்ணன்.

முருகானந்தத்தின் வீட்டுப் பின்னால் மிளகு உலர்த்தும் களம். அதன்மேல் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் விடுதி மெத்தைகள் சுவரோரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. இரண்டு மெத்தைகளின் உறை கிழிக்கப்பட்டு உள்ளே இருந்த தேங்காய் நார் தனியாகக் குவிந்திருந்தது. சுகுணா உட்கார்ந்து நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

முருகானந்தம் கூச்சத்தோடு விளக்கினார். மிளகு பறிப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருப்பதால் களம் சும்மாதான் கிடக்கிறது. தகரத்தின் சூட்டில் மெத்தையை இரண்டு நாள் நிறுத்தினால் ஈரம் பாதிக்குமேல் போய்விடும். நாரை உருவி மிளகுக் கொடியின் தூருக்குப் போட்டுவிடுவார்கள். அப்புறம் கீழே போவது உறையும் கொஞ்சம் ஸ்பாஞ்சும்தான். மூன்று நடைச் சாமான் ஒரு நடையில் அடங்கிவிடும். பதினைந்தையும் முடித்துவிட்டுத்தான் சீட்டு வாங்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்.

"பதினஞ்சும் இங்கயே இருக்குதுங்க. எண்ணிக்கோங்க" என்றார்.

காளியண்ணன் எண்ணினார். கிழித்த இரண்டோடு சேர்த்துப் பதினைந்து.

சின்னுசாமி அந்த நேரத்தில் என்ன நினைத்தான் என்று பிறகு கேட்டேன். மாட்டிக்கொண்டோம் என்று தோன்றவில்லையாம். இவ்வளவு எளிய யோசனை தனக்கு ஏன் வரவில்லை என்றுதான் தோன்றியதாம். அவன் வீட்டிலும் களம் இருக்கிறது. தகரமும் இருக்கிறது.

அங்கிருந்து நாற்பத்தாறாவது வளைவுக்கு வந்தார்கள். அந்த மெத்தை யாருடையதாக இருந்தாலும் எடுத்தாக வேண்டும் என்றார் காளியண்ணன். முருகானந்தம் யாரும் சொல்லாமலே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். சின்னுசாமி மேலே கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அரைமணி நேரம். கயிறு இழுபடும்போதெல்லாம் அவன் மனதில் ஒரு எண்ணம் ஓடியது. போன மாதம் கிடங்கில் மெத்தைகளை எண்ணி இறக்கவில்லை. அங்கே எடைதான் போடுவார்கள், எண்ணிக்கை கேட்கமாட்டார்கள். பதினான்கு ஈர மெத்தை, உலர்ந்த பதினைந்தின் எடையைத் தாண்டித்தான் காட்டும். ஒன்று குறைந்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்காது.

முருகானந்தம் மெத்தையை முதுகில் சுமந்து மேலே வந்தார். கையெல்லாம் மூங்கில் முள் கீறல். மெத்தை விரிந்து தொங்கியது. சுருட்டிக் கட்டியிருந்த கட்டு இல்லை.

கட்டியிருந்த கயிறு எங்கே என்று காளியண்ணன் கேட்டார்.

"மக்கிப் போச்சுங்க. தொட்டதும் பிஞ்சிருச்சு. எந்த வண்டியில இருந்து உழுந்துச்சோ, யாரக் கண்டுபுடிக்கறது" என்றார் முருகானந்தம்.

அவருடைய வேட்டி மடிப்பு புடைத்திருந்தது. மஞ்சள் துணியின் ஒரு நுனி வெளியே தெரிந்தது. பச்சைக் கரை போட்ட மஞ்சள். போன வருடம் ஆடிப் பதினெட்டுக்குப் பானுமதி கட்டியிருந்த சேலை. அதைத் திரித்தவன் சின்னுசாமி.

முருகானந்தம் அவனைப் பார்க்கவே இல்லை. ஹேமலதா முருகானந்தத்துக்குத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். "எத்தன பேரு இப்பிடி எறங்குவாங்க" என்று காளியண்ணனிடம் சொன்னார். காளியண்ணன் புகாரை மடித்துப் பையில் வைத்தார். விஷயம் முடிந்துவிட்டது. யார் என்று தெரியாத ஒரு மெத்தை. சின்னுசாமியின் எடைச் சீட்டுக்கு எந்தக் குறையும் இல்லை. ஒப்பந்தத்தில் அவனும் இன்னும் போட்டியில்தான் இருந்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"அவன் மடியில இருக்கறதக் கேளுங்க. அது என் ஊட்டுக்காரி சீலை. மெத்தை என் வண்டியில இருந்து உழுந்தது" என்றான் சின்னுசாமி.

முருகானந்தம் மெதுவாக, "ஏண்ணா" என்றார். அவ்வளவுதான்.

அபராதம் சின்னுசாமி பெயருக்கு எழுதப்பட்டது. வருட ஒப்பந்தம் முருகானந்தத்துக்குப் போனது. அன்று மாலை எனக்கு அழைப்பு வந்தது. நான் குற்ற உணர்ச்சியில் ஏதேதோ சொன்னேன். உண்மையைச் சொன்னாயே, அது பெரிய விஷயம் என்றேன்.

"உண்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீயா எதாச்சும் எழுதிறாதே" என்றான். "அவன் என்னக் காப்பாத்திட்டான்னு வெச்சுக்க. மாமியா ஊட்டுல ஒவ்வொரு நோம்பிக்கும் அவன் மூஞ்சியப் பாக்கோணும். அவன் ஒண்ணும் சொல்லமாட்டான். சொல்லாமயே ஈரலத் திம்பான். அதுக்கு அபராதம் எவ்வளவோ சல்லிசு."

பிறகு, "நல்லவனா இருக்கறதுலயும் அவனே முந்திக்கிட்டான்னா நான் எங்க போறது, சொல்லு" என்றான்.

வண்டியை இன்னும் விற்கவில்லை. ஏழெட்டு அறைகள் கொண்ட சிறிய விடுதிகள் இரண்டு கிடைத்திருக்கின்றன. தார்ப்பாய் வாங்கிவிட்டான். மூட்டையை எண்ணி ஏற்றி எண்ணி இறக்குகிறான். மஞ்சள் சேலைக் கயிற்றை முருகானந்தம் பொன்னாயியிடம் கொடுத்தனுப்பினார். சுகுணா அதைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். துவைத்துக் கொடுத்ததற்கும் சின்னுசாமிக்குக் கோபம்.

போன வாரம் அழைத்தான். வழக்கமான பயத்தோடுதான் எடுத்தேன். இப்போது அவனும் மெத்தையைத் தகரத்துக்கு அடியில் நிறுத்தி நார் உருவுகிறானாம். "அவன் ரெண்டு நாள்தான் நிறுத்தறான். நான் மூணு நாள். மத்தியானத்துல ஒருக்காத் திருப்பியும் போடறேன்" என்றான். கிடங்கு எடைச் சீட்டின் படத்தையும் அனுப்பியிருந்தான். மெத்தைக்கு எவ்வளவு என்று வகுத்து ஓரத்தில் பேனாவால் எழுதி வட்டம் போட்டிருந்தான்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான். சகலையின் சீட்டில் மெத்தைக்கு எத்தனை கிலோ வருகிறது என்று ஹேமலதாவிடம் இங்கிலீஷில் நாசூக்காக ஒரு கடிதம் எழுதிக் கேட்க முடியுமா?

நான் இன்னும் எழுதவில்லை. நேற்றும் இரண்டு முறை அழைத்துவிட்டான்.